போட்டோ எடிட்டிங் மென்பொருள் போகப் போக ஏன் மெதுவாகிறது?

"போட்ட புதிதில் பறந்தது, இப்போது நகரவே மாட்டேன் என்கிறது." போட்டோஷாப், லைட்ரூம், கிம்ப், டார்க்டேபிள் என்று எதைப் பயன்படுத்துகிறவரிடம் கேட்டாலும் ஒரு தடவையாவது இந்தப் புலம்பல் வரும். கூடவே வைத்தியமும் தயாராக வரும். ரேம் போடு, கேஷை அழி, அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி போடு, அதுவும் சரிப்படாவிட்டால் விண்டோஸையே புதிதாகப் போடு. இவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு எப்போதோ பலித்திருக்கும். அதனால்தான் இந்த ஆலோசனைகள் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. எதனால் பலித்தது என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளலாம். மென்பொருள் தேய்ந்துபோவதில்லை. அப்டேட் எதுவும் வராதவரை, இன்ஸ்டால் செய்த அன்று டிஸ்க்கில் எழுதப்பட்ட நிரல்தான் ஒரு வருடம் கழித்தும் ஓடுகிறது. மாறியிருப்பது அதன் தலையில் நாம் ஏற்றிய சுமை, இல்லையென்றால் அது ஓடும் கணினியின் நிலை. ரீஇன்ஸ்டால் பெரும்பாலும் பலிக்காததற்குக் காரணமும் இதுதான்: மாறாமல் இருந்த நிரலை மட்டும் அது எடுத்துவிட்டு அதையே திரும்ப வைக்கிறது. உங்கள் செட்டிங்குகள், படப் பட்டியல், சேர்ந்துகிடக்கும் தற்காலிகக் கோப்புகள் எல்லாம் வேறு ஃபோல்டர்களில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

## மூடித் திறந்தால் சரியாகிறதா?

எதையும் அழிப்பதற்கும் வாங்குவதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். ஏனென்றால் "நாளாக ஆக மெதுவாகிறது" என்று ஒரே வாக்கியத்தில் சொன்னாலும், அதற்குள் இரண்டு வெவ்வேறு பிரச்சினைகள் ஒளிந்திருக்கின்றன.

காலையில் திறந்தபோது வேகமாக இருந்தது, இரண்டு மணி நேரம் வேலை செய்த பிறகு இழுக்கிறது, மூடித் திறந்தால் மறுபடி வேகம். இது ஒரு வகை. அந்த இரண்டு மணி நேரத்தில் நினைவகத்தில் எதுவோ சேர்ந்திருக்கிறது. மூடியதும் அது காலியாகிவிட்டது.

போன வருடம் வேகமாக இருந்தது, இந்த வருடம் திறந்த நிமிடத்திலிருந்தே மெதுவாக இருக்கிறது, எத்தனை முறை மூடித் திறந்தாலும் அப்படியேதான். இது இன்னொரு வகை. இங்கே சேர்ந்திருப்பது டிஸ்க்கில் இருக்கிறது, அல்லது நீங்கள் கொடுக்கும் படங்களே பெரிதாகிவிட்டன.

முதல் வகைக்கான வைத்தியம் இரண்டாவதற்குப் பலிக்காது. நேற்று வரை நன்றாக இருந்து, ஒரு அப்டேட்டுக்கு மறுநாள் திடீரென்று மெதுவானால் அது இரண்டிலும் சேராது. அங்கே புதிய பதிப்பையோ கிராஃபிக்ஸ் டிரைவரையோதான் (கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் நிரல்) முதலில் சந்தேகிக்க வேண்டும்.

விண்டோஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ராத்திரி ஷட் டவுன் கொடுத்து மறுநாள் ஆன் செய்தால் எல்லாம் புதிதாகத் தொடங்குகிறது என்று நினைக்கிறோம். விண்டோஸ் 8 முதல் இருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி ஆனில் இருந்தால், இயங்குதளத்தின் உள்பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையை அது டிஸ்க்கில் எழுதிவைத்து மறுநாள் அப்படியே எழுப்பிவிடும். எனவே சோதிக்கும்போது ரீஸ்டார்ட் கொடுங்கள். அதுதான் உண்மையான புதுத் தொடக்கம்.

## 10 எம்பி படம் எப்படி 72 எம்பி ஆகிறது?

ஒரு படத்தின் கோப்பு டிஸ்க்கில் 10 எம்பிதான் இருக்கிறது, என் கணினியில் 16 ஜிபி ரேம் இருக்கிறது, இதற்கு எதற்கு மூச்சு வாங்க வேண்டும்? நியாயமான சந்தேகம்தான். ஜேபெக் என்பது படத்தைச் சுருக்கி மடித்து வைத்திருக்கும் வடிவம். மடித்து வைத்ததன் மேல் தூரிகை ஓட்ட முடியாது. எடிட்டர் அதை முழுதாக விரித்து, ஒவ்வொரு பிக்சலையும் (படத்தின் மிகச் சிறிய வண்ணப் புள்ளி) தனித்தனியாக நினைவகத்தில் வைத்தாக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 24 மெகாபிக்சல் கேமராப் படம் பொதுவாக 6000 பிக்சல் அகலம், 4000 பிக்சல் உயரம். பெருக்கினால் 2.4 கோடி பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று மதிப்புகள். 8 பிட் முறையில் ஒரு மதிப்புக்கு ஒரு பைட். ஆக 7.2 கோடி பைட், அதாவது 72 எம்பி. 16 பிட் முறைக்கு மாறினால் அப்படியே இரண்டு மடங்கு, 144 எம்பி.

இது ஒரே ஒரு லேயருக்கான (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாள்களில் ஒன்று) கணக்கு. பின்னணியை நகலெடுத்து இன்னொரு முழு லேயர் வைத்தால், ஒளி ஊடுருவும் தன்மைக்கான நான்காவது மதிப்பும் சேர்ந்து 16 பிட்டில் இன்னொரு 192 எம்பி. தோலைச் சீராக்க இரண்டு, நிறத்துக்கு ஒன்று, "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒளித்துவைத்த பழைய நகல்கள் மூன்று என்று லேயர்கள் ஏறினால், ஒரு ஜிபியைத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை. கண் படத்தைத் தட்டி மறைத்து வைத்த லேயரும் இடத்தை விட்டுக்கொடுக்காது. கர்வ்ஸ், லெவல்ஸ் போன்ற அட்ஜஸ்ட்மென்ட் லேயர்கள் மட்டும் விதிவிலக்கு. அவற்றுக்குள் பிக்சல்கள் இல்லை, "இப்படி மாற்று" என்ற கட்டளைதான் இருக்கிறது. அதனால்தான் பழகியவர்கள் படத்தை நகலெடுத்து நிறம் மாற்றுவதற்குப் பதில் அட்ஜஸ்ட்மென்ட் லேயரைப் போடுகிறார்கள். இடமும் மிச்சம், பிறகு திருத்தவும் வசதி.

சுருக்கமாக: எடிட்டருக்குத் தேவையான இடத்தை ஃபைல் சைஸ் சொல்லாது. பிக்சல்களின் எண்ணிக்கை, பிட் அளவு, லேயர்கள் மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

## மேசையும் பரணும்

ஒரு வேலை மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். கைக்கு எட்டும் தூரத்தில் எல்லாம் இருந்தால் வேலை சரசரவென்று ஓடும். மேசை நிரம்பிவிட்டால், இப்போதைக்குத் தேவைப்படாததைத் தூக்கிப் பரண் மேல் போட்டுவிட்டு அந்த இடத்தில் புதியதை வைப்போம். போட்டது மறுபடி தேவைப்பட்டால் ஏணி வைத்து ஏற வேண்டும். மேசையில் இடம் போதாத அளவு வேலை பெரிதாகிவிட்டால், வேலை செய்யும் நேரத்தைவிட ஏணியில் ஏறி இறங்கும் நேரமே அதிகமாகிவிடும்.

ரேம்தான் அந்த மேசை. மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே தகவலை வைத்திருக்கும் வேகமான நினைவகம் அது. பரண் என்பது ஸ்கிராட்ச் டிஸ்க்: ரேம் போதாதபோது எடிட்டர் தன் பிக்சல்களை இறக்கிவைக்க எஸ்எஸ்டியிலோ (சுழலும் பாகமில்லாத வேகமான டிஸ்க்) ஹார்ட் டிஸ்க்கிலோ ஒதுக்கிக்கொள்ளும் தற்காலிக இடம். போட்டோஷாப்பில் இந்தப் பெயர். கிம்ப்பில் இதையே ஸ்வாப் என்பார்கள்.

இரண்டுக்கும் உள்ள வேக வித்தியாசம் சாதாரணமானதில்லை. ரேமில் ஒரு தகவலை எட்டிப் பிடிக்க ஆகும் நேரம் சுமார் 100 நானோ விநாடி. ஒரு நல்ல எஸ்எஸ்டியில் அதே வேலைக்கு 100 மைக்ரோ விநாடி அளவில் ஆகும், அதாவது ஆயிரம் மடங்கு. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் 10 மில்லி விநாடி வரை போகும், லட்சம் மடங்கு. எடிட்டர் படிப்படியாக மெதுவாகாமல், ஒரு கட்டத்துக்கு மேல் "சட்டென்று விழுந்துவிட்டது" என்று தோன்றுவது இதனால்தான். எடிட்டருக்கு ஒதுக்கிய ரேம் நிரம்பும்வரை எந்த வித்தியாசமும் தெரியாது. எல்லையைத் தாண்டியதும் ஒவ்வொரு அசைவும் டிஸ்க்குக்குப் போய்வரத் தொடங்கும்.

இந்த எல்லையைத் தாண்டிவிட்டோமா என்று ஊகிக்கத் தேவையில்லை, மென்பொருளே சொல்லும். போட்டோஷாப்பில் படச் சாளரத்தின் கீழ்ப்பட்டையில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அதைத் தட்டி எஃபிஷியன்சி என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு சதவீதம் தெரியும். 100 என்று இருந்தால் எல்லாம் ரேமிலேயே நடக்கிறது. அதற்குக் கீழே இறங்கினால் ஸ்கிராட்ச் டிஸ்க் உதவிக்கு வந்துவிட்டது என்று பொருள். கிம்ப்பில், 2018-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து, டாஷ்போர்டு என்ற பேனல் இருக்கிறது. கேஷ் எவ்வளவு, ஸ்வாப் எவ்வளவு என்று ஓடும் வரைபடமாகவே காட்டும். வேலை செய்யும்போது இதைத் திரையின் ஓரத்தில் திறந்து வைத்திருந்தாலே, எந்தச் செயலுக்குப் பிறகு கோடு எகிறுகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

## அன்டூ சும்மா வருவதில்லை

காலையில் திறந்த அதே படம், அதே லேயர்கள், சாயங்காலம் மட்டும் ஏன் இழுக்கிறது? பெரும்பாலும் ஹிஸ்டரிதான், அதாவது திரும்பிப் போவதற்காக எடிட்டர் சேர்த்துவைக்கும் பழைய படிகள்தான் காரணம்.

கன்ட்ரோல்-இசட் அழுத்தினால் முந்தைய நிலை திரும்பி வருகிறது என்றால், அந்த முந்தைய நிலை எங்கோ பத்திரமாக இருந்திருக்க வேண்டும். எடிட்டர்கள் படத்தைச் சிறு சிறு சதுரத் துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கும். அவற்றுக்கு டைல் என்று பெயர். நீங்கள் ஒரு மூலையில் சின்னதாகத் தூரிகை ஓட்டினால் அந்த மூலையில் மாறிய டைல்களின் பழைய பிரதி மட்டும் சேமிக்கப்படும். அது அற்பச் செலவு. ஆனால் படம் முழுவதற்கும் ஒரு பிளர் கொடுத்தாலோ ஷார்ப்பன் செய்தாலோ, எல்லா டைல்களும் மாறுகின்றன. அந்த ஒரே படிக்காக லேயர் முழுவதின் பழைய பிரதியையும் வைத்துக்கொள்ள வேண்டும். 16 பிட் 24 மெகாபிக்சல் படத்தில் அப்படிப் பத்து ஃபில்டர்களைப் போட்டுப் பார்த்தால், திரையில் தெரிவது ஒரே படம், பின்னால் நிற்பது ஒன்றரை ஜிபி அளவுக்குப் பழைய படங்கள்.

போட்டோஷாப்பின் இப்போதைய பதிப்புகளில் வழக்கமாக 50 படிகள் வரை நினைவில் இருக்கும். ப்ரிஃபரன்சஸில் பர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் இதைக் குறைக்கலாம். முழுப்பட ஃபில்டர்களோடு மல்லுக்கட்டுகிறவருக்கு 20 போதும். தூரிகையால் நுணுக்கமாகத் தொட்டுத் தொட்டுத் திருத்துகிறவர் 50-ஐக் குறைத்தால் பிறகு வருந்துவார். அவருக்கு அந்தப் படிகள் மலிவானவையும்கூட. கிம்ப்பில் படிகளின் எண்ணிக்கையோடு, அன்டூவுக்கு எவ்வளவு நினைவகம் தரலாம் என்ற வரம்பையும் வைக்க முடியும். என்னைக் கேட்டால் இது இன்னும் நியாயமான ஏற்பாடு. எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் வலிப்பது இடம்தானே.

வேலைக்கு நடுவே உடனடி நிவாரணம் வேண்டுமென்றால், போட்டோஷாப்பின் எடிட் மெனுவில் பர்ஜ் என்று இருக்கிறது. ஹிஸ்டரியையும், நகலெடுத்து ஒட்டாமல் விட்ட படம் தங்கியிருக்கும் கிளிப்போர்டையும் அது காலி செய்யும். இரண்டு விஷயம் கவனம். ஒன்று, காலி செய்ததை மீட்க முடியாது. இன்னொன்று, அது முன்னால் இருக்கும் படத்தோடு நிற்காமல், திறந்திருக்கும் எல்லாப் படங்களின் ஹிஸ்டரியையும் அழித்துவிடும்.

மூடித் திறந்தால் வேகம் திரும்பும் மர்மத்துக்கு இதில் பாதி விடை இருக்கிறது. ஹிஸ்டரி கோப்போடு சேமிக்கப்படுவதில்லை. மூடியதும் போய்விடுகிறது.

## ரேம் நிரம்பியிருந்தால் கோளாறா?

மீதி பாதி விடை கேஷில் இருக்கிறது. இந்த விஷயத்தில்தான் தவறான புரிதல் அதிகம்.

கேஷ் என்றால், மறுபடி தேவைப்படலாம் என்று கைக்கு அருகிலேயே எடுத்துவைத்த பிரதி. படத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கும்போது ஒவ்வொரு முறையும் 2.4 கோடி பிக்சல்களையும் கணக்கிடாமல், சில அளவுகளில் முன்பே தயாரித்து வைத்துக்கொண்டு எடிட்டர் காட்டுகிறது. அது கேஷ். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்து, "ஒரு படம்தான் திறந்திருக்கிறேன், 6 ஜிபி தின்கிறதே" என்று பதறுகிறவர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள். படத்தை மூடிய பிறகும் அந்த எண் முழுதாக இறங்காது. கிடைத்த இடத்தை எடிட்டர் உடனே திருப்பிக் கொடுக்காமல், அடுத்த படத்துக்கு ஆகும் என்று வைத்துக்கொள்ளும். போட்டோஷாப் வழக்கமாகவே கிடைக்கும் ரேமில் 70 சதவீதம் வரை தனக்கென்று எடுத்துக்கொள்ள அமைக்கப்பட்டிருக்கிறது. அது கோளாறு அல்ல, வடிவமைப்பே அப்படி. காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் பயனில்லை.

"ரேம் பூஸ்டர்", "மெமரி கிளீனர்" என்று விற்கும் நிரல்களை இதனால்தான் நம்ப வேண்டாம் என்கிறேன். ரேமில் இருப்பதை வலுக்கட்டாயமாக டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு, "3 ஜிபி மிச்சம்" என்று பச்சை நிறத்தில் காட்டும். அடுத்த கிளிக்கிலேயே எடிட்டர் அதையெல்லாம் டிஸ்க்கிலிருந்து மறுபடி இழுத்துவர வேண்டும். அந்த 70 சதவீதத்தை 100 ஆக்குவதும் இதே தப்புத்தான். இயங்குதளத்துக்கு இடமில்லாமல் போய், அது தன் பங்குக்கு டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். கூட்ட வேண்டுமென்றால் 5 சதவீதமாகக் கூட்டி, எஃபிஷியன்சி எண்ணைப் பார்த்துக்கொண்டே போங்கள்.

அப்படியானால் மெமரி லீக் என்று சொல்கிறார்களே, அது? அது உண்மையான கோளாறு. நிரல் ஒரு வேலைக்காக நினைவகம் வாங்கி, வேலை முடிந்த பிறகு அதைத் தன்னிடம் இருப்பதையே மறந்துவிடுவது. தானும் பயன்படுத்தாது, திருப்பியும் தராது. கேஷையும் லீக்கையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. ஒரே படத்தைத் திறந்து, ஒரே ஃபில்டரைப் போட்டு, சேமிக்காமல் மூடுங்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டு டாஸ்க் மேனேஜரில் அந்த எண்ணைப் பாருங்கள் (மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டர்). முதல் சில சுற்றுகளில் ஏறி, பிறகு ஓர் அளவில் நின்றுவிட்டால் அது கேஷ். ஒவ்வொரு சுற்றிலும் படிக்கட்டு போல ஏறிக்கொண்டே இருந்தால் லீக். லீக்கை நீங்கள் சரிசெய்ய முடியாது, நிரலை எழுதியவர்தான் செய்ய வேண்டும். உங்களால் ஆவது அப்டேட் போடுவது, வெளியார் பிளகின்களை (எடிட்டரோடு கூடுதலாகச் சேர்த்த துணை நிரல்கள்) ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது, அதுவரை அவ்வப்போது மூடித் திறப்பது.

இதுவரை பார்த்தது முதல் வகை: பெரிய லேயர்கள், நீண்ட ஹிஸ்டரி, அபூர்வமாக ஒரு லீக். எல்லாமே ரேமில் நடப்பவை, மூடினால் ரேம் காலியாகிவிடும்; கோப்போடு சேமித்த லேயர்கள் மட்டும் திறந்ததும் திரும்பி வரும்.

## மாதக்கணக்கில் சேரும் சுமை

இரண்டாவது வகைக்கு வருவோம். இங்கே அதிகம் அடிபடும் பெயர் லைட்ரூம். அது போட்டோஷாப் மாதிரி வேலை செய்வதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

லைட்ரூம் கிளாசிக், டார்க்டேபிள், கேப்சர் ஒன் போன்றவை உங்கள் மூலப் படத்தைத் தொடுவதே இல்லை. "வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டு, இடது ஓரத்தை வெட்டு, இந்தப் புள்ளியை மறை" என்று கட்டளைகளை மட்டும் எழுதிவைக்கின்றன. இதை நான்-டெஸ்ட்ரக்டிவ் எடிட்டிங் என்பார்கள். எந்தப் படத்துக்கு என்ன கட்டளை, அந்தப் படம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எத்தனை நட்சத்திரம் என்ற விவரமெல்லாம் கேட்டலாக் என்ற தரவுத்தளக் கோப்பில் இருக்கும்.

இதில் ஒரு விளைவு ஒளிந்திருக்கிறது. கட்டளைகள்தான் சேமிக்கப்படுகின்றன என்றால், படத்தை டெவலப் (திருத்தும்) பகுதியில் திறக்கும் ஒவ்வொரு முறையும் மூல ரா கோப்பிலிருந்து (கேமரா பதிவுசெய்த பக்குவப்படுத்தாத தகவல்) தொடங்கி அத்தனை கட்டளைகளையும் மறுபடி கணக்கிட வேண்டும். வெளிச்சம், நிறம் போன்றவை நொடியில் முடியும். ஆனால் பழைய ஸ்கேன் படத்தில் தூசியை நீக்க ஹீல் கருவியால் இருநூறு புள்ளிகள் வைத்திருந்தால், ஒவ்வொரு புள்ளியும் ஒரு தனிக் கட்டளை. அதன்மேல் ஏழெட்டு மாஸ்க் (படத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் மாற்றம்), நாய்ஸ் ரிடக்ஷன் (புள்ளிச் சிதறலைக் குறைப்பது) என்று அடுக்கிவிட்டு ஒரு ஸ்லைடரை நகர்த்தினால், கை போன பிறகு படம் வரும். "லைட்ரூம் மெதுவாகிவிட்டது" என்று தோன்றுவது பல சமயம் "இந்தப் படம் கனத்துவிட்டது" என்பதுதான். எதுவும் திருத்தாத இன்னொரு படத்தைத் திறந்து அதே ஸ்லைடரை இழுத்துப் பாருங்கள். அது வழுக்கிக்கொண்டு போனால் மென்பொருள் மேல் குற்றமில்லை. அவ்வளவு புள்ளிகளை வைக்க வேண்டிய வேலையைப் போட்டோஷாப்புக்கு அனுப்பிவிடுவதே உத்தமம்.

கேட்டலாக் கோப்பு வேறு மாதிரி பருக்கும். லைட்ரூமும் டார்க்டேபிளும் இதற்கு எஸ்கியூலைட் என்ற தரவுத்தள முறையைப் பயன்படுத்துகின்றன. படங்களைச் சேர்த்து, நீக்கி, மாற்றிக்கொண்டே இருந்தால் கோப்புக்குள் வெற்றிடங்கள் விழும், தொடர்புள்ள விவரங்கள் சிதறிப்போகும். லைட்ரூம் கிளாசிக்கின் ஃபைல் மெனுவில் உள்ள ஆப்டிமைஸ் கேட்டலாக் அதை ஒழுங்குபடுத்தி எழுதும். சில நிமிட வேலை, படங்களுக்கும் திருத்தங்களுக்கும் ஒன்றும் ஆகாது. மாதம் ஒரு தடவை செய்தால் போதும்.

50,000 படம் சேர்ந்துவிட்டதென்று கேட்டலாகை வருடத்துக்கு ஒன்றாக வெட்டித் துண்டு போடுகிறவர்கள் உண்டு. அந்த எண்ணிக்கை இந்தத் தரவுத்தளத்துக்குப் பெரிய சுமை இல்லை. வெட்டினால் தேடும் வசதிதான் போகும். எண்ணிக்கையைவிட முக்கியம் கேட்டலாக் எங்கே இருக்கிறது என்பது. படங்கள் வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருந்தாலும் பரவாயில்லை, கேட்டலாகும் அதன் பிரிவியூ ஃபோல்டரும் கணினிக்குள் இருக்கும் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். கிளவுடோடு தானாக ஒத்திசையும் ஃபோல்டரில் வைக்காதீர்கள். ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் அந்தப் பெரிய கோப்பை ஏற்றிக்கொண்டே இருக்கும்.

பிரிவியூ என்பது படத்தை உடனே காட்டுவதற்காக முன்பே தயாரித்து வைத்த ஜேபெக் பிரதி. வருடக்கணக்கில் இவை பல பத்து ஜிபிக்குச் சேரும். அழித்தாலும் திருத்தங்கள் போகாது, மறுபடி தயாரித்துக்கொள்ளும். ஆனால் அவசரப்பட்டுக் கேட்டலாக் கோப்பையே அழித்துவிட்டால் எல்லாத் திருத்தங்களும் போய்விடும். இரண்டும் ஒரே ஃபோல்டரில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும் என்பதால், கை வைக்கும் முன் பெயரை இரண்டு முறை படியுங்கள். "கேஷை அழி" என்ற பொத்தாம்பொதுவான ஆலோசனை ஆபத்தாகும் இடம் இது. கேஷை அழித்த கையோடு வேகமும் வந்துவிடாது. மறுபடி எல்லாவற்றையும் தயாரிக்கும்வரை முன்பைவிட மெதுவாகத்தான் இருக்கும். லைட்ரூமில் கேமரா ரா கேஷை (ரா படங்களைத் திறக்கும்போது எடுத்துவைக்கும் பிரதிகள்) அழிப்பதைவிட, எஸ்எஸ்டியில் இடமிருந்தால் அதன் வரம்பை 20 ஜிபி அளவுக்கு உயர்த்துவதே பலன் தரும்.

## கேமராவும் திரையும் மாறியிருக்கிறதா?

இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 24 மெகாபிக்சல் கேமராவிலிருந்து 45 மெகாபிக்சலுக்குப் போனவர், அதே கணினியிடம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேலை வாங்குகிறார். புது மானிட்டர் வாங்கியவரும் அப்படியே. ஃபுல் எச்டி திரையில் 1920 × 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் பிக்சல். 4கே திரையில் 3840 × 2160, சுமார் 83 லட்சம். ஸ்லைடரை நகர்த்தும் ஒவ்வொரு கணமும் திரைக்கு நான்கு மடங்கு பிக்சல்களைத் தயாரிக்க வேண்டும். சந்தேகமிருந்தால் எடிட்டரின் சாளரத்தைப் பாதியாகச் சுருக்கிவிட்டு அதே ஸ்லைடரை இழுத்துப் பாருங்கள். வேகம் கூடினால் காரணம் தெரிந்துவிட்டது.

## டிஸ்க் நிரம்பியிருந்தால்

டிஸ்க் நிரம்புவதும் மாதக்கணக்கில் நடப்பதுதான். எஸ்எஸ்டியில் எழுதிய இடத்தின் மேலேயே நேரடியாக மறுபடி எழுத முடியாது, முதலில் அந்தப் பகுதியை மொத்தமாக அழிக்க வேண்டும். காலியிடம் நிறைய இருந்தால் இந்த வேலையை அது ஓய்வு நேரத்தில் முடித்துவைக்கும். விளிம்புவரை நிரம்பியிருந்தால், எழுதும் நேரத்திலேயே இங்கிருப்பதை அங்கே நகர்த்தி, அழித்து, பிறகு எழுத வேண்டியிருக்கும். ஸ்கிராட்ச் டிஸ்க்கும் அதே எஸ்எஸ்டியில் இருந்தால் அடி இரண்டு பக்கமும் விழும். 15 முதல் 20 சதவீதமாவது காலியாக விடுவது நல்லது. எடிட்டர் பாதியில் நின்றுபோன சமயங்களில் அதன் தற்காலிகக் கோப்புகள் அழியாமல் தங்கியிருக்கலாம். எடிட்டரை மூடிவிட்டு டெம்ப் ஃபோல்டரில் பார்த்தால், ஒன்றிரண்டு பெரிய கோப்புகள் பழைய தேதியோடு கிடக்கும். அவற்றைத் தயங்காமல் நீக்கலாம்.

## சூடு ஏமாற்றும்

மூடித் திறந்தாலும் சரியாகவில்லை, ஆனால் காலையில் நன்றாகத்தான் இருந்தது. மேலே சொன்ன இரண்டு வகைக்கும் பொருந்தாத இந்த நிலை லேப்டாப்பில் சகஜம். நூறு ரா படங்களை ஒரே மூச்சில் எக்ஸ்போர்ட் செய்தால் ப்ராசசர் கொதிக்கும். கருகிவிடாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதற்குத் தெர்மல் த்ராட்லிங் என்று பெயர். டாஸ்க் மேனேஜரின் பர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு வேகம் கிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். எக்ஸ்போர்ட் தொடங்கும்போது பார்த்த எண் கால் மணி நேரம் கழித்துப் பாதியாக விழுந்திருந்தால் வேறு விசாரணை வேண்டாம். காற்றுத் துவாரத் தூசியைத் தட்டுங்கள், மெத்தை மேல் வைக்காதீர்கள், சார்ஜரைச் செருகியே வேலை செய்யுங்கள், ஏனென்றால் பேட்டரியில் பல லேப்டாப்புகள் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றி ஒரு வரி போதும். படம் சிதறித் தெரிந்தாலோ, தூரிகை விட்டுவிட்டு ஓடினாலோ, ப்ரிஃபரன்சஸில் ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டின் ப்ராசசர்) பயன்பாட்டை ஒரு முறை ஆஃப் செய்து பாருங்கள்; ஆஃபில் நன்றாக ஓடினால் டிரைவரைப் புதுப்பித்துவிட்டு மறுபடி ஆன் செய்துவிடுங்கள், அப்படியே ஆஃபில் விட வேண்டாம்.

## எந்த வரிசையில் பார்ப்பது

நல்ல வேகத்தில் இருக்கும் ஒரு நாளில் ஒரு படத்தைச் சோதனைக்கென்று ஒதுக்கிவையுங்கள். அதில் ஒரு பெரிய பிளர், ஒரு எக்ஸ்போர்ட், இரண்டுக்கும் எத்தனை விநாடி ஆகிறது என்று போனின் ஸ்டாப்வாட்ச்சில் பார்த்துக் குறித்துவிடுங்கள். "மெதுவாக இருக்கிற மாதிரி இருக்கிறது" என்ற நாள் வரும்போது அதையே ஓட்டிப் பாருங்கள். அதே விநாடிதான் ஆகிறது என்றால் உங்கள் இப்போதைய படம்தான் கனமானது, கணினி அப்படியேதான் இருக்கிறது.

நேரம் உண்மையிலேயே கூடியிருந்தால், எடிட்டரை மூடித் திறந்து மறுபடி அளக்க வேண்டும். சரியானால் ஹிஸ்டரி, லேயர், லீக் பக்கம் போங்கள். சரியாகாவிட்டால் கணினியை ரீஸ்டார்ட் செய்து, ஆறவிட்டு அளந்து பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் டிஸ்க்கில் இடம், கேட்டலாக் இருக்கும் இடம், அண்மையில் போட்ட பிளகின்கள். அதற்கும் அப்புறம்தான் ப்ரிஃபரன்சஸை ரீசெட் செய்வது. போட்டோஷாப்பைத் திறக்கும்போது விண்டோஸில் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் அது கேட்கும். ரீஇன்ஸ்டாலில் சிலருக்கு ஏற்பட்ட குணம் உண்மையில் இந்த ரீசெட்டால் வந்ததுதான், அன்இன்ஸ்டால் செய்யும்போது செட்டிங்குகளையும் நீக்கு என்று அவர்கள் டிக் செய்திருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி அளப்பது முக்கியம். நான்கைச் சேர்த்து மாற்றிவிட்டு வேகம் வந்தால், அடுத்த முறையும் நான்கையும் செய்ய வேண்டிவரும்.

கடைசியாக ரேம் விஷயம். வழக்கமான உங்கள் வேலையில், ஹிஸ்டரியையும் லேயர்களையும் அளவாக வைத்த பிறகும், எஃபிஷியன்சி எண் 100-க்குக் கீழேயே நின்றால் ரேம் வாங்குங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும். எண் 100-இலேயே இருந்தும் மெதுவாக இருந்தால், 16 ஜிபியை 64 ஆக்கினாலும் அந்த ஸ்லைடர் அதே வேகத்தில்தான் நகரும்.